7 டாலர் ரேடியோ, 500 கிலோவாட் ஸ்டேஷன்: பவல் கிராஸ்லி கண்டுபிடிப்பாளரா, கெட்டிக்கார யாவாரியா?

வால்வு வரதன்:
எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் அக்கா பொண்ணு ஆன்லைன்ல சூட்கேஸ் மாதிரி ஒரு ரெக்கார்ட் பிளேயர் வாங்கிட்டு வந்து, "மாமா இது கிராஸ்லியாம், பழைய கம்பெனியாம், நல்ல பிராண்டா"ன்னு கேட்டா. பேரு பழசு தான்டி, கம்பெனி எப்பவோ போயாச்சு, 1980கள்ல வேற ஆளுங்க அந்த பேரை எடுத்து ஒட்டிக்கிட்டாங்கன்னு ஆரம்பிச்சேன், அவ பாட்டை போட்டுட்டு மாடிக்கு போயிட்டா. வாயில வந்தத முழுங்க முடியல, மிச்சத்தை இங்க கொட்டறேன்.

பவல் கிராஸ்லி ஜூனியர். 1886ல அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலம் சின்சினாட்டியில பொறந்தவர். மனுஷனுக்கு ரேடியோ மேல ஆசையே கிடையாது, கார் பைத்தியம். 1907ல, 21 வயசுல, மாரத்தான் சிக்ஸ்னு ஒரு ஆறு சிலிண்டர் கார் கட்டினார், அந்த வருஷம் அங்க பாங்க் எல்லாம் ஆட்டம் கண்ட நேரம், பணம் போட ஆள் இல்லாம படுத்துடுச்சு. அப்புறம் கார் சாமான் தபால்ல விக்கிற கம்பெனி. டயருக்குள்ள போடற லைனிங், முதல் உலகப்போர் நேரத்துல ரேடியேட்டர் மூடி மேல கொடி சொருகற கிளிப்னு அவர் விக்காத சாமான் இல்ல. 1919 வாக்குல யாவாரம் 10 லட்சம் டாலரை தாண்டியாச்சு. கூடவே கிராமபோன் பெட்டி செய்ற மரப்பட்டறையும் கையில இருந்துச்சு, இத ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

1921ல பையன் ரேடியோ வேணும்னு அடம். கடைக்கு கூட்டிட்டு போனா 100 டாலருக்கு மேல சொல்றான். அப்பன்காரன் மலைச்சுப்போய், எப்படி செய்றதுன்னு சொல்ற ஒரு சின்ன கையேட்டை வாங்கிட்டு வந்து, பையனும் அவருமா உக்காந்து ஒரு கிரிஸ்டல் செட், அதாவது கரண்ட் இல்லாம ஒரு கல்லை வச்சே கேக்கற ரேடியோ, கட்டிட்டாங்க. கட்டி முடிச்சதும் அவருக்கு உறைச்சது, இதுக்குள்ள 100 டாலர் எங்கய்யா இருக்கு? சின்சினாட்டி யுனிவர்சிட்டி இஞ்சினியரிங் பசங்க ரெண்டு பேரை வேலைக்கு வச்சு, மலிவா ஒரு செட் டிசைன் பண்ண சொன்னார். அதுதான் ஹார்கோ. விலை 7 டாலர்.

நெல்லை_சிவா:
அண்ணாச்சி, கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு விஷயம் கேக்கேன், தப்பா நினைக்காதீங்க. கிரிஸ்டல் செட்டை அவரு கண்டுபிடிக்கல, டிசைன் பண்ணினது காலேஜ் பயலுவ, கையேடு வேற யாரோ எழுதினது. அப்போ இவரு என்னத்த கண்டுபிடிச்சாரு? எங்க பாத்தாலும் இன்வென்டர் இன்வென்டர்னு போட்டிருக்கான்.

கோவை பம்புசெட்டு:
ஏனுங்க தம்பி, பட்டறை வச்சு பாருங்க, அப்ப தெரியும். ஒரு சாமானத்தை 100 ரூவாய்க்கு செய்யறது யாரு வேணா செய்வாங்க, அதையே 7 ரூவாய்க்கு செஞ்சு அதுலயும் நாலு காசு நிக்கோணும்னா ஒவ்வொரு ஸ்க்ரூவா உக்காந்து யோசிக்கோணும். அதுவும் டிசைன் தானுங்க. நானு மோட்டார் பாடி வார்ப்புல அரை கிலோ குறைக்கறதுக்கு எட்டு மாசம் மண்டைய ஒடச்சுக்கிட்டேன், எனக்கு யாரும் இன்வென்டர்னு பட்டம் குடுக்கல அது வேற கதை.

வால்வு வரதன்:
பம்புசெட்டுக்காரர் சரியான இடத்தை தொட்டுட்டார். அந்த காலத்து ரேடியோல ஸ்டேஷன் மாத்தறதுக்கு ஒரு வேரியபிள் கண்டென்சர் வேணும். மத்த கம்பெனிங்க எல்லாம் பித்தளை இல்லாட்டி அலுமினிய தகட்டை அரைவட்டமா வெட்டி, ஒன்னுக்குள்ள ஒன்னு உரசாம சுத்தற மாதிரி கோத்து வைப்பாங்க, நுணுக்கமான வேலை, காசு ஜாஸ்தி. கிராஸ்லி செட்டுல இருக்கறது புக் கண்டென்சர். ரெண்டு பலகை, உள்பக்கம் உலோகத் தகடு, ஒரு ஓரத்துல கீல், முன்னாடி குமிழை திருகினா ஒரு கேம் தள்ளி அது புஸ்தகம் மாதிரி தொறந்து மூடும். அவ்ளோதான். பாக்க பொம்மை மாதிரி இருக்கும், ஆனா வேலை செய்யும். பொட்டி? அதான் சொன்னேனே, கிராமபோன் பெட்டி செய்ற ஆசாரிங்க ஏற்கெனவே சம்பளத்துல இருக்காங்க.

அடுத்து லைசென்ஸ். எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்கோட ரீஜெனரேடிவ் சர்க்யூட், ஒத்தை வால்வை (சிக்னலை பெருக்கற கண்ணாடி குழாய்) வச்சே தூரத்து ஸ்டேஷனை இழுத்துடும், ஏன்னா வால்வுல இருந்து வெளிய வர்ற சிக்னல்ல கொஞ்சத்தை திரும்பவும் உள்ளயே ஊட்டி விடறது. பேட்டன்ட் வெஸ்டிங்ஹவுஸ்ங்கிற பெரிய கம்பெனி கைக்கு போனதுக்கு அப்புறம் புதுசா சின்ன கம்பெனிக்கு லைசென்ஸ் கிடைக்கிற வழி அடைஞ்சு போச்சு. முன்னாடியே வாங்கி வச்சிருந்த கம்பெனிங்களுக்கு மட்டும் தான். நம்ம ஆள் என்ன பண்ணார், அந்த லைசென்ஸ் இருந்த பிரிசிஷன் எக்விப்மென்ட்ங்கிற உள்ளூர் கம்பெனியை 1923ல அப்படியே வாங்கிப்போட்டார். 1925ல வந்துச்சு பாருங்க கிராஸ்லி பப். ஒரே வால்வு, கையடக்க தகர டப்பா, மண்டை மேல வால்வு நட்டுக்கிட்டு நிக்கும், விலை 9 டாலர் 75 சென்ட். விளம்பரத்துக்கு காதுல ஹெட்ஃபோன் மாட்டின நாய்க்குட்டி. விக்டர் கம்பெனியோட கிராமபோன் நாயை எல்லாருக்கும் தெரியுமே, அதுக்கு போட்டி.

மீடியம்வேவ் மைந்தன்:
ரீஜென் செட் பத்தி ஒரு எச்சரிக்கை மக்களே 😄 ஊட்டறது கொஞ்சம் ஓவரா போச்சுன்னா அது ரிசீவர் இல்ல, குட்டி டிரான்ஸ்மிட்டர். ஏரியல் வழியா வெளிய போயி பக்கத்து வீட்டு ரேடியோல "கூவ்வ்வ்"னு ஊளையிடும். அந்த காலத்துல ஒரு தெருவுல பத்து பேர் பப் வாங்கியிருந்தா ராத்திரி எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சு பாருங்க.

நிஜமா எனக்கு இந்த ஆள்கிட்ட புடிச்சது ரேடியோ இல்ல, ஸ்டேஷன். வரதன் சார் அதை வேணும்னே கடைசிக்கு வச்சிருக்கார்னு நினைக்கிறேன், மன்னிக்கணும், நான் முந்திக்கிறேன். மலிவு செட்டுல இருக்கிற பெரிய குறை என்ன? காது மந்தம். தூரத்துல இருக்கிற வீக் சிக்னல் வராது. இதுக்கு ரெண்டு வழி. ஒன்னு, செட்டை உசத்து, வால்வை கூட்டு, விலையும் ஏறும். இன்னொன்னு, கேக்கறவன் காதை உட்டுட்டு பேசறவன் தொண்டையை பெருசாக்கு. கிராஸ்லி ரெண்டாவதை எடுத்தார். டபிள்யூ.எல்.டபிள்யூ. ஸ்டேஷன், 1922 மார்ச்ல வெறும் 50 வாட். அப்புறம் 500. அப்புறம் 5,000. 1928ல 50,000. 1934 மே 2ம் தேதி 5,00,000 வாட், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில உக்காந்து சாவியை அமுக்கி தொடங்கி வச்சார். இன்னைக்கும் அமெரிக்காவுல ஏ.எம். ஸ்டேஷனுக்கு உச்சவரம்பு 50 கிலோவாட் தான், அதுல பத்து மடங்கு!

கேட்டுட்டு_போறவன்:
அவன் செட்டை விக்கிறதுக்கு அவனே ஸ்டேஷன் போட்டானா. எங்க ஊர்ல சோடா கடைக்காரர் வாசல்லயே உப்புக்கடலை விப்பாரு, அந்த கதை.

மீடியம்வேவ் மைந்தன்:
ஹாஹா அதே தான். ஆனா சோடாவோட நிக்கல, அந்த ஸ்டேஷனே தனியா கொட்ட ஆரம்பிச்சுடுச்சு. பெரிய சோப்பு கம்பெனி ஒன்னு அதே சின்சினாட்டியில தான் இருக்கு, அவங்க செலவுல 1933ல தினமும் ஒரு தொடர் நாடகம் அங்கதான் ஆரம்பிச்சது. இன்னைக்கு நம்ம வீட்ல சாயங்காலம் ஓடற சீரியலுக்கு எல்லாம் கொள்ளுப்பாட்டி அது.

டெக்னிக்கல் ஆளுங்களுக்கு: மேசன்ங்கிற ஊர்ல சைட். டவர் அப்ப 831 அடி. நடுவுல தடிச்சு ரெண்டு முனையும் கூம்பி, கீழ ஒரே ஒரு பீங்கான் இன்சுலேட்டர் மேல ஊசி முனையில நிக்கிற மாதிரி நிக்கும், இழுத்து கட்டின கம்பி தான் பாதுகாப்பு. அந்த டவர் இப்பவும் இருக்கு, ஸ்டேஷனும் அதே 700 கிலோஹெர்ட்ஸ்ல ஓடுது. டிரான்ஸ்மிட்டர்ல 100 கிலோவாட் வால்வு 20. ஒவ்வொன்னும் ஒரு சின்னப்பையன் உசரம். சூட்டை இறக்கறதுக்கு வால்வை சுத்தி காய்ச்சி வடிச்ச தண்ணி ஓடும், அந்த தண்ணியை ஆற வைக்க வாசல்ல ஒரு குளமே வெட்டினாங்க, ஃபவுன்டன் வச்சு.

நெல்லை_சிவா:
பக்கத்து ஊர்ல கட்டில் ஸ்பிரிங்குல, முள்வேலியில எல்லாம் பாட்டு கேட்டுச்சுன்னு ஒரு வீடியோவுல சொன்னான். இது உருட்டு தானே?

மீடியம்வேவ் மைந்தன்:
தம்பி பாதி உருட்டு, பாதி பிசிக்ஸ். சொன்னவங்க எல்லாரும் கேட்டிருப்பாங்களான்னா இல்ல, ஆனா நடக்க முடியாத விஷயம் இல்ல. ஏ.எம். சிக்னல்ல இருந்து சத்தத்தை பிரிக்கிறதுக்கு ஒரு பக்கமா மட்டும் கரண்ட் போக விடற ஒரு பொருள் போதும். ஹார்கோல அது கலீனா கல்லு, மேல ஒரு மெல்லிசு கம்பி முனை. துருப்பிடிச்ச ரெண்டு இரும்பு ஒன்னை ஒன்னு தொட்டுக்கிட்டு இருந்தா அந்த துருவும் அதே வேலையை செய்யும். பக்கத்துல 500 கிலோவாட் அடிக்கும்போது வேலிக்கம்பி ஏரியல், துரு டிடெக்டர், அதிர்ற தகரம் ஸ்பீக்கர். 7 டாலர் கூட வேணாம், ஓசி ரேடியோ. சைட்டுக்கு பக்கத்துல சுவிட்சை அணைச்சும் பல்பு அணையாம எரிஞ்சுதுன்னு சொல்றதும் இந்த வகையறா தான்.

ஸ்காபரோ குமாரி:
வணக்கம். நான் எழுதுறது குறைவு, வாசிக்கிறதுதான் கூட. நான் இஞ்ச டொரண்டோவில இருக்கிறன், அதால இந்தக் கதையின்ர மற்றப் பக்கம் ஒண்டு சொல்லோணும் போல கிடக்கு. டபிள்யூ.எல்.டபிள்யூ. 700 எண்டால், இஞ்ச சி.எஃப்.ஆர்.பி. எண்ட ஸ்டேஷன் அப்ப 690. பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி. சின்சினாட்டி இஞ்ச இருந்து ஒரு 650 கிலோமீற்றர் இருக்கும், ஆனால் இரவில அந்த 500 கிலோவாட் வந்து உள்ளூர் ஸ்டேஷனுக்கு மேல ஏறி இருந்திட்டுது. கனடா அரசாங்கம் முறைப்பாடு செய்து, அவையள் இரவில பவரைக் குறைக்க வேண்டி வந்தது. பிறகு 1935இல இன்னும் ரெண்டு சின்ன டவர் போட்டு, இந்தத் திசைக்கு மட்டும் சிக்னல் மெலியிற மாதிரி செய்த பிறகுதான் திரும்ப முழுப் பவர் குடுத்தவை. உங்களுக்கு அது சாதனை, இஞ்ச இருந்த சனத்துக்கு அது தொல்லை 🙂

இன்னொண்டு. கிராஸ்லி வித்த ஐஸிபோல் எண்ட சாமானைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. அதைக் கண்டுபிடிச்சவர் டேவிட் கீத் எண்ட டொரண்டோ ஆள். கிராஸ்லி உரிமையை வாங்கித்தான் செய்து வித்தவர்.

கோவை பம்புசெட்டு:
ஐயோ அக்கா, ஐஸிபால்! அதைப்பத்தி எழுதோணும்னு ஒரு வாரமா கை துறுதுறுங்குதுங்க. கரண்டே இல்லாத ஃபிரிட்ஜுங்க அது. பாக்கறதுக்கு ஜிம்முல தூக்கற டம்பெல் மாதிரி ரெண்டு இரும்பு குண்டு, நடுவுல வளைஞ்ச குழாய். ஒரு குண்டுல தண்ணியும் அம்மோனியாவும் கலந்து இருக்கும். அதை மண்ணெண்ணெய் அடுப்பு மேல வச்சு ஒரு ஒன்றரை மணி நேரம் காச்சோணும், இன்னொரு குண்டு பச்சைத்தண்ணி தொட்டியில முங்கி இருக்கோணும். அம்மோனியா மட்டும் ஆவியாகி குழாய் வழியா போயி அந்தப்பக்கம் குளுந்து தண்ணியாட்டம் சேந்துக்கும். அப்புறம் குளுந்த குண்டை பொட்டிக்குள்ள உட்டு, சூட்டு குண்டை வெளிய தொங்க உட்டுட்டா முடிஞ்சுது, அம்மோனியா மெல்ல மெல்ல ஆவியாகி பழைய இடத்துக்கே திரும்பும், போறப்ப பொட்டிக்குள்ள இருக்கற சூட்டை எல்லாம் வாங்கிட்டு போயிரும். ஒரு தடவை காச்சினா ஒரு நாளைக்கு தாங்கும், குண்டுல ஒரு ஓட்டை இருக்கும், அதுல தட்டு சொருகினா ஐஸ் கட்டி கூட ஆகும். மோட்டாரு இல்ல, பெல்ட்டு இல்ல, தேயறதுக்கு ஒரு பாகம் இல்லைங்க! 1920கள் கடைசியில கரண்ட் போகாத பண்ணை வீடுகளுக்குன்னு வித்தாங்க. அம்மோனியா கசிஞ்சா மூக்கு எரிஞ்சு போயிரும், அது மட்டும் தான் பயம்.

நெல்லை_சிவா:
இதத்தான் நான் மொதல்லயே சொன்னேன் பாருங்க. ரீஜென் ஆர்ம்ஸ்ட்ராங்கோடது. ஐஸிபால் டொரண்டோக்காரரோடது. கதவுக்குள்ள தட்டு வச்ச ஃபிரிட்ஜும் இவரு கம்பெனி தான் ஷெல்வடோர்னு 1930கள் ஆரம்பத்துல வித்துச்சு, அது இவரு யோசனையேன்னு வச்சுக்கிட்டாலும், மிச்சம் எல்லாம் அடுத்தவன் மூளை. இவரு வித்து பாத்தது இன்னும் என்னன்னா, மொட்டைத் தலையில முடி முளைக்க மண்டைய உறிஞ்சுத மெஷின், ஜெர்வாக்காம்! அப்புறம் ராத்திரியோட ராத்திரியா ரேடியோ வழியா நியூஸை பேப்பர்ல அச்சடிச்சு தள்ளுத ரீடோ. ரெண்டும் நிக்கலையே.

வால்வு வரதன்:
சிவா தம்பி, நீங்க சொல்றதை மறுக்கல. ஆனா நீங்க போட்ட பட்டியலையே திருப்பி படிங்க. ஜெயிச்சது எல்லாத்துலயும் ஒரே புத்தி தான் ஓடுது, யார்கிட்ட இந்த சாமான் இன்னும் போய் சேரல, என்ன விலைன்னா அவன் வாங்குவான்னு மொதல்ல முடிவு பண்ணிட்டு அங்கேர்ந்து பின்னாடி நடந்து வர்றது. ஸ்டேஷன் கூட அதே கணக்கு தான், செட்டுல ஏத்த வேண்டிய செலவை ஒரே இடத்துல டவர்ல கொண்டு போய் வச்சார், லட்சம் வீட்ல லட்சம் வால்வு மிச்சம். இதை வேற எந்த ரேடியோ கம்பெனிக்காரனும் அந்த அளவுக்கு இழுக்கல. இதுக்கு பேட்டன்ட் ஆபீஸ்ல படிவம் இல்ல, அதுக்காக கண்டுபிடிப்பு இல்லன்னு என்னால சொல்ல முடியல.

இன்னொன்னும் இருக்கு, தம்பி லூயிஸ் கிராஸ்லி. இஞ்சினியர். அண்ணன் காலையில ஒரு யோசனை, சாயங்காலம் ஒரு யோசனைன்னு வீசிக்கிட்டே இருப்பார், அதை ஃபேக்டரியில ஓட வச்சது தம்பி. தம்பி மட்டும் இல்லாட்டி 1907 கார் மாதிரி எல்லாமே படுத்திருக்கும்னு எனக்கு தோணும்.

கேட்டுட்டு_போறவன்:
எல்லா வீட்லயும் ஒரு லூயிஸ் இருக்கான், போட்டோல தான் இருக்க மாட்டான்.

மீடியம்வேவ் மைந்தன்:
500 கிலோவாட் எப்படி முடிஞ்சதுன்னு சொல்லாம விட்டேன். மத்த ஸ்டேஷன்காரங்க கத்தினாங்க, ஒருத்தன் மட்டும் நாடு முழுக்க பேசினா விளம்பரம் எல்லாம் அவன்கிட்டயே போயிடுமேன்னு. 1938ல செனட் 50 கிலோவாட்டுக்கு மேல வேணாம்னு தீர்மானம் போட்டுச்சு, 1939 மார்ச்ல பழைய 50க்கே இறங்கிட்டாங்க. அஞ்சு வருஷ ஆட்டம். நடுவுல 1934ல சின்சினாட்டி ரெட்ஸ் பேஸ்பால் டீமை வாங்கி, 1935 மே 24ல பெரிய லீக்ல முதல் ராத்திரி மேட்ச் விளக்கு போட்டு நடத்தினார். அதுக்கும் பட்டன் அமுக்கினது ரூஸ்வெல்ட் தான், கிராஸ்லி எது செஞ்சாலும் அந்த மனுஷனுக்கு பட்டன் அமுக்கற வேலை.

யுத்த நேரத்துல செஞ்சது தான் நிஜமாவே மிரட்டல். பிராக்ஸிமிட்டி ஃபியூஸ், அதாவது பீரங்கி குண்டு மூக்குக்குள்ள ஒரு முழு ரேடியோ. அது அலையை அனுப்பும், விமானத்துல பட்டு திரும்பி வர்றதை வச்சு கிட்ட போன உடனே தானே வெடிக்கும், நேரா அடிக்கணும்னு அவசியம் இல்ல. இதுக்குள்ள கண்ணாடி வால்வு! பீரங்கியில இருந்து கிளம்பற அதிர்ச்சியில, புவியீர்ப்பை போல 20,000 மடங்கு, அது உடையாம இருக்கணும். டிசைன் மெர்ல் டியூவோட குழு, கிராஸ்லி கம்பெனி அதை முதல்ல பெருசா செஞ்சு குடுத்த இடங்கள்ல ஒன்னு. 1943 ஜனவரியில ஹெலனாங்கிற கப்பல் இந்த ஃபியூஸை வச்சு முதல் விமானத்தை விழுத்தினது. மலிவு செட்டை லட்சக்கணக்குல அடிச்சுத் தள்ளி பழகின கை, வால்வை வச்சு குண்டு செய்யவும் அதே கை.

கோவை பம்புசெட்டு:
கார் கதையை யாரும் எடுக்க மாட்டேங்கறீங்களே. 1939ல மறுபடியும் கார். இத்துனூண்டு, ரெண்டு சிலிண்டர், ஏர் கூல்டு, டிபார்ட்மென்ட் ஸ்டோர்ல ஃபிரிட்ஜுக்கு பக்கத்துல நிறுத்தி வித்தாங்க. 1945ல ரேடியோ கம்பெனி, ஸ்டேஷன் எல்லாத்தையும் ஏவியேஷன் கார்ப்பரேஷனுக்கு வித்துப்போட்டு காரே கதின்னு இறங்கிட்டாரு. அப்ப போட்ட இஞ்சின் கோப்ரா. பாம்பு இல்லீங்க, காப்பர் பிரேஸிங் சுருக்கம். வார்ப்பே இல்ல, மெல்லிசு ஸ்டீல் தகட்டையும் குழாயையும் அடுக்கி, இடுக்குல செம்பு வச்சு, மொத்தமா உலையில உட்டு ஒட்டறது. 26 குதிரைசக்தி. யுத்தத்துல ஜெனரேட்டருக்கு அருமையா ஓடுச்சு. கார்ல போட்டா, ஸ்டீலும் செம்பும் தண்ணியும் ஒன்னா இருந்தா என்ன ஆகும்? பேட்டரி மாதிரி ஆகி உள்ளயே அரிச்சுப்போட்டுது, சிலிண்டர் சுவத்துல ஓட்டை. 1949ல வார்ப்பிரும்புக்கு மாத்துனாங்க, அதுக்குள்ள பேரு கெட்டுப்போச்சுங்க. 1952ல கடையை சாத்தினாரு. என்ன விஷயம்னா அதே 1949 மாடல்ல டிஸ்க் பிரேக் இருந்துச்சு, ஹாட்ஷாட்டுன்னு ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார் 1950 கடைசி நாள்ல செப்ரிங் ரேஸை ஜெயிச்சுது, ஹேண்டிகேப் கணக்குல, அதாவது சின்ன இஞ்சினுக்கு சலுகை குடுக்கற கணக்குல. கெட்டிக்காரன் தான். ஆனா வண்டி வாங்கறவன் 7 டாலர் ரேடியோ வாங்கறவன் இல்லீங்க, ரேடியோ ஊளையிட்டா தலையில தட்டிக்குவான், கார் நடுரோட்டுல நின்னா திட்டித் தீத்துருவான்.

நெல்லை_சிவா:
சரி அண்ணாச்சி, முழுசா ஒத்துக்கிட மாட்டேன், பாதி ஒத்துக்கிடுதேன். அந்த புக் கண்டென்சர் மட்டும் மனசுலயே நிக்கி. நம்ம வீட்ல செய்ய முடியுமா?

வால்வு வரதன்:
தாராளமா. ரெண்டு பிளைவுட் துண்டு, உள்ளங்கை அகலம், சமையல்கட்டு அலுமினிய ஃபாயில், நடுவுல மைக்கா ஷீட், பழைய இஸ்திரி பெட்டி ரிப்பேர் பண்றவங்ககிட்ட கிடைக்கும், இல்லாட்டி தடிச்ச பிளாஸ்டிக் ஷீட். ஒரு சின்ன கீல், ஃபாயில் ரெண்டும் ஒன்னை ஒன்னு தொடாம பாத்துக்கோங்க. காயில் 80 சுத்துல ஆரம்பிச்சு பாருங்க. கலீனாவுக்கு அலைய வேணாம், ஜெர்மானியம் டயோடு போதும். ஹெட்ஃபோன் மட்டும் மொபைலுக்கு போடறது ஆகாது, ஹை இம்பிடன்ஸ் இல்லாட்டி கிரிஸ்டல் இயர்பீஸ். நல்ல எர்த் வேணும்.

நெல்லை_சிவா:
மொட்டை மாடியில 60 அடி ஒயரு இழுக்க இடம் பாத்துட்டேன், துணி காயப்போடுத கொடிக்கு மேல. ஐப்பசி இடி முடியட்டும், கட்டுதேன். எங்க அம்மை இப்பமே என்ன கம்பிலேன்னு கேக்கா.